தாய்மாமன் லோடு

சரடு வந்த பிறகு இந்த நாட்டில் எந்த லாரியும் காலியாக ஓடுவதில்லை. கேட்பதற்கு நல்ல செய்தியாகத்தான் இருக்கிறது. இந்துஜாவுக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

அவள் ராசிபுரத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். முன்பெல்லாம் புனேவுக்கு ஒரு லோடு ஏற்ற வேண்டுமென்றால் ஊரில் உள்ள புக்கிங் ஆபீஸ் அத்தனைக்கும் போன் போட்டுத் தொண்டைத்தண்ணி வற்றிப்போகும். வண்டி கிடைத்தால் டிரைவர் இருக்கமாட்டார், டிரைவர் கிடைத்தால் தார்ப்பாய் இருக்காது. சரடு அந்தத் தொல்லையை எல்லாம் துடைத்துப் போட்டுவிட்டது. எந்த ஆலையில் என்ன சரக்கு கிடக்கிறது, எந்த ஆலைக்கு என்ன தேவை, எந்த லாரி எங்கே இறக்கிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கணினி ஏற்பாட்டுக்கு ஒரே நேரத்தில் தெரியும். புனேக்காரர் கேட்ட ஜவ்வரிசி ராசிபுரத்திலிருந்துதான் போக வேண்டும் என்றுகூட அது நினைப்பதில்லை. அதே தரம் ஆந்திரத்தில் சும்மா கிடந்தால் அதைப் புனேவுக்குக் கொடுத்துவிட்டு, இவர்கள் சரக்கை மதுரைக்குத் திருப்பிவிடும். இதற்கு மாற்று என்று பெயர். மாற்றுக்குச் சம்மதித்தால் வண்டி உடனே வரும். சம்மதிக்காவிட்டால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இதில் ஒரே ஒரு சங்கடம். லாரி டிரைவர்கள் அதுவரை வீட்டுக்கு வந்துகொண்டிருந்ததே காலி வண்டியில்தான். திரும்பி வர லோடு கிடைக்காதபோது, சரி, காலியாகவே வந்து தொலை என்று முதலாளி சலித்துக்கொள்வார். அந்தச் சலிப்பின் புண்ணியத்தில்தான் நாமக்கல் ஜில்லாவில் பாதிப் பிள்ளைகள் அப்பன் முகத்தைப் பார்த்து வளர்ந்தன. காலி வண்டி ஒழிந்தது, ஊருக்கு வருவதும் ஒழிந்தது. யாரும் தடுத்ததாகச் சொல்ல முடியாது. லீவு உண்டு. வழி நெடுகக் குளிர்சாதன அறை உண்டு, வெந்நீர் உண்டு, டாக்டர் உண்டு. லீவு மட்டும் வண்டி நிற்கும் ஊரில் தொடங்கி அதே ஊரில் முடிந்துவிடும். வண்டியை விட்டு ஊருக்கு ரயிலேறியவன் இடத்தில் வேறொருவன் ஏறிக்கொள்வான். நான்குவழிச் சாலையில் லாரி தானாகவே ஓடி, ஊருக்குள் நுழையும்போது மட்டும் மனிதக் கையைக் கேட்கிற காலம் அது. அந்த வேலைக்கும் ஆள் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. அதனால் ரயிலேறும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

இந்துஜாவின் தம்பி பூபதியும் அப்படி ஒரு டிரைவர்தான். அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவன் ஒருவன்தான் மிச்சம். அவளுடைய மகள் மகிழினியை அவன் கைக்குழந்தையாக ஒரே ஒரு தடவை தூக்கியிருக்கிறான். இப்போது அவளுக்கு ஆறு வயது. இன்னும் மூளிக் காதோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

காது குத்துவதென்றால் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மாமன் சீர்த்தட்டோடு வந்து, மாலை வாங்கிக்கொண்டு, மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டால்தான் பத்தர் ஊசியையே எடுப்பார். பூபதி வருவான் வருவான் என்று நாள் குறிப்பதும் தள்ளிப்போடுவதுமாகவே வருஷங்கள் ஓடிவிட்டன. ஊரில் வாய் சும்மா இருக்குமா? "கொழந்தைக்குக் காது குத்தாம வெச்சிருக்கறது என்ன வேண்டுதலா?" என்று கல்யாண வீட்டில் வைத்தே கேட்டார்கள்.

கணவன் சபரி ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "உங்க பெரியப்பா மகன் உள்ளூர்லயேதான இருக்கறான் இந்து. அவன் மடியில வெச்சுக் குத்திப்போடலாமே."

"என்ற தம்பி உசுரோட இருக்கறப்ப எதுக்குங்க இன்னொருத்தன் மடி?" என்றாள் இந்துஜா.

ஆளைக் கூப்பிட்டால்தானே வர வழியில்லை, லோடைக் கூப்பிட்டால்? இந்த யோசனை அவளுக்கு ஒருநாள் ஆலையில் எடை போட்டுக்கொண்டிருக்கும்போது வந்தது. பூபதி சோலாப்பூரில் இறக்கிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்ததும், அதே ஊரில் ஜவ்வரிசி மூட்டைக்குப் பை தைக்கும் ஒரு கம்பெனியைப் பிடித்து ராசிபுரத்துக்கு ஒரு லோடு பைகள் அனுப்பச் சொல்லிவிட்டாள். முதலாளிக்கு ஏதோ காரணம் சொல்லிச் சமாளித்தாள். பூபதியின் வண்டிதான் ஏற்றியது. அவள் திரையில் வண்டியைப் பார்த்தபடியே இருந்தாள். பெங்களூரு தாண்டியது, ஓசூர் தாண்டியது. சாயங்காலம் ஆலை வாசலில் லாரி வந்து நின்றபோது அதிலிருந்து இறங்கியவன் ஒடிசாக்காரன்.

சரடு அலுவலகத்தில் இவர்கள் பகுதியைக் கவனிப்பவன் ஜெரால்டு. சென்னையில் உட்கார்ந்திருப்பவன். அவனைத்தான் அவள் போனில் பிடித்தாள்.

"பூபதி வண்டி கிருஷ்ணகிரி வரைக்கும் வந்துச்சு மேடம்," என்றான் அவன். "அங்க ஐதராபாத்துக்கு ஒரு லோடு அவசரமா நின்னுச்சு. உங்க பையை வேற வண்டிக்கு மாத்திட்டு அவரைத் திருப்பி விட்டுட்டாங்க. பை எல்லாம் சரியா வந்துதா?"

"வந்துதுங்க."

கிருஷ்ணகிரி. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிற தூரம். இந்துஜாவுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொஞ்ச நாளாகவே அவளுக்கு எதுவும் நேரத்துக்கு வருவதில்லை, கோபமும் அப்படித்தான். வரிசையில் எங்கோ பின்னால் நின்றுவிடுகின்றன.

ஜெரால்டு கெட்டவன் இல்லை. அவள் போனை வைக்காமல் இருப்பதைக் கவனித்துவிட்டு, "டிரைவர் உங்களுக்குச் சொந்தமா மேடம்?" என்று கேட்டான்.

"தம்பிங்க."

"நெனச்சேன். இந்த மாதிரி நிறைய நடக்குது மேடம். ஒரு அம்மா மகனைப் பாக்கறதுக்காக ஒரு லாரி செங்கல் வரவழைச்சிருக்காங்க. வீடு கட்டற ஐடியாவே இல்லையாம். செங்கல் வந்துச்சு, மகன் வரல. இதெல்லாம் பாத்துட்டுத்தான் கம்பெனியில இப்ப ஒரு சேவை ஆரம்பிச்சிருக்காங்க. ஆள் வேணும்னா ஆளையே கேளுங்க."

"ஆளையா?"

"ஆமா. லோடு மாதிரியேதான். எங்க சிஸ்டத்துக்குத் தெரிஞ்சது கிளம்பற எடமும் சேர்ற எடமும் மட்டும்தான் மேடம். நடுவுல போறது கிழங்கு மாவா மனுஷனான்னு அதுக்குக் கவலையே இல்ல. என்ன விசேஷம், என்ன உறவு, எத்தனை மணிக்கு வேணும்னு சொன்னாப் போதும். வண்டி கல்யாண மண்டப வாசலுக்கே வரும். ரெண்டு மணி நேரம் நிக்கும்."

"ரெண்டு மணி நேரம் போதுங்க," என்றாள் இந்துஜா. "காது குத்தறதுக்கு அதுக்கு மேல எதுக்கு?"

மறுநாளே சபரியிடம் பேசி, ஜோசியரிடம் நாள் வாங்கி, குலதெய்வக் கோயில் மண்டபத்தைச் சொல்லிவைத்தாள். அதற்கடுத்த நாள் காலை ஆலையில் வேலை நெரிந்தது. மதுரைக்கு ஒன்று, இந்தூருக்கு ஒன்று, கொல்கத்தாவுக்கு ஒன்று என்று லோடுகள் கிடந்தன. ஜெரால்டிடம் அவற்றை வரிசையாகச் சொன்னாள். கடைசியில் தம்பி விஷயத்தையும் சொன்னாள். பூபதி, தாய்மாமன், காதுகுத்து, வெள்ளிக்கிழமை காலை, கோயில் மண்டபம். அவன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தான்.

"எல்லாத்துக்கும் வழக்கம்போல மாத்து ஓகேதானே மேடம்?"

"ஓகேங்க." எடைமேடையில் யாரோ கூப்பிட்டார்கள். அவள் போனை வைத்துவிட்டு ஓடினாள்.

அன்று சாயங்காலம் பூபதியே அழைத்தான்.

"எங்கடா இருக்கறே?"

"தெரியலக்கா. இரு, பாத்துச் சொல்றேன்." சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. "லாத்தூராம். அக்கா, வெள்ளிக்கெழமை என்னை ஊருக்குப் போடறாங்களாம். திரையில வந்துருக்குது."

"நாந்தான்டா கேட்டு வாங்குனேன். மகிழினிக்குக் காது குத்தறோம்."

"நெசமாவா?" அவன் குரலில் ஒரு சின்ன ஏற்றம் வந்து, உடனே தணிந்துவிட்டது. சந்தோஷப்பட்டுப் பழக்கம் விட்டுப்போன மாதிரி இருந்தது. "பாப்பாவுக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?"

"நீ வந்தாப் போதும்."

"மடியில உக்காருவாளா? என்னைப் பாத்துப் பயந்துக்குவாளாக்கா?"

"அதெல்லாம் உக்காருவா. நான் சொல்லி வெச்சுக்கறேன்."

சொல்லியும் வைத்தாள். தினம் தலை வாரும்போது அதே பேச்சுத்தான். பெரிய லாரி வரும், அதுலருந்து ஒருத்தர் எறங்குவாரு, அவர்தான் உன்ற மாமா, ஓடிப்போய் மடியில உக்காந்துக்கணும், அழக்கூடாது. மகிழினி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மாமா என்றால் லாரியின் ஒரு பாகம் என்றே அவள் முடிவு கட்டியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை மண்டபம் நிறைந்துவிட்டது. பத்தர் சந்தனத்தைக் குழைத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாதஸ்வரக்காரர் வாசிப்பதும் நிறுத்திக் காப்பி குடிப்பதுமாக இருந்தார். இந்துஜா வாசலிலேயே நின்றாள். சொன்ன நேரத்துக்கு, சொன்ன இடத்தில், ஒரு நிமிஷம் பிசகாமல் லாரி வந்து நின்றது. சரடின் நாணயத்தைக் குறை சொல்லவே முடியாது.

கதவு திறந்து ஒருவன் இறங்கினான். புது வேட்டி, புதுச் சட்டை. கையில் சீர்த்தட்டு. தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, குழந்தைக்குப் பட்டுப்பாவாடை எல்லாம் கம்பெனியே அழகாகக் கட்டிக் கொடுத்திருந்தது. உயரமும் ஏறக்குறைய பூபதியின் உயரம். ஆனால் பூபதி இல்லை.

"நமஸ்காரம் அக்கா," என்றான் அவன்.

இந்துஜா அவனுக்குப் பின்னால் வண்டியைப் பார்த்தாள். இன்னும் யாராவது இறங்குவார்கள் என்று பார்த்தாள். வண்டிக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

சபரி ஓடி வந்து அவள் பக்கத்தில் நின்றான். "இது யாரு இந்து?" என்று காதோடு கேட்டான். அவள் பதில் சொல்லாமல் ஜெரால்டை அழைத்தாள்.

"டெலிவரி ஆயிடுச்சே மேடம்?" என்றான் ஜெரால்டு உற்சாகமாக.

"இது என்ற தம்பி இல்லீங்க."

"இருங்க, பாக்கறேன். ஈரண்ணா. ஆந்திராவுல ஆதோனிக்காரர். தாய்மாமன், வயசு பொருந்துது, அக்காவுக்கு ஒரு பொண்ணு. இதுவரைக்கும் போன எடத்துல எல்லாம் நல்ல பேரு மேடம். ஏதாவது சேதாரமா?"

"சேதாரம் ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் இருக்காரு," என்றாள் இந்துஜா. அதற்குள் உள்ளே நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. ஜெரால்டு இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். மேளச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. போனை வைத்துவிட்டாள்.

வந்தவனைத் திருப்பி அனுப்பிவிடலாம். முகூர்த்தத்தை விட்டுவிடலாம். வந்திருப்பவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம். இத்தனையும் அவளுக்குத் தோன்றியது, ஆனால் தோன்றியதோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் யோசிக்கக் குழந்தை இடம் கொடுக்கவில்லை. சொல்லிவைத்தபடியே மகிழினி ஓடி வந்து ஈரண்ணாவின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவனும் சிரித்தபடி கூடவே போனான்.

"பூபதி வந்துட்டான்!" என்று மண்டபத்தில் குரல் எழுந்தது. அவனை நேரில் பார்த்து ஐந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது எல்லோருக்கும். "பயல் நல்லாக் கறுத்துப் போயிட்டான்" என்றார் சபரியின் சித்தப்பா. "ரோட்டு வெயில் சும்மா உடுமா?" என்றார் இன்னொருவர். பெரியப்பா மகன் மட்டும் உற்றுப் பார்த்தான். பிறகு அவனும் பந்திக்கு இலை போடும் வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

"குத்திரலாமா?" என்று பத்தர் கேட்டார். சபரி இந்துஜாவைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள்.

ஈரண்ணா குழந்தையை மடியில் வாகாக இருத்தி, ஒரு கையால் நெற்றியைத் தாங்கி, மறு கையால் அதன் கண்ணைப் பொத்திக்கொண்டான். பழகிய கை. பத்தர் குத்தும் நேரம் பார்த்து எதையோ தெலுங்கில் காதோடு பாடினான். குழந்தை என்ன என்று காதைக் கொடுப்பதற்குள் இரண்டு பக்கமும் முடிந்துவிட்டது. அது அழவே இல்லை. இப்படி அழாத பிள்ளையைப் பார்த்ததே இல்லை என்று பத்தர் சொன்னார். இந்துஜாவின் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. அப்படி வந்ததற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பந்தியில் அவளே நின்று அவனுக்குப் பரிமாறினாள். அவன் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசினான்.

"நீங்க இந்த மாதிரி நெறைய வீட்டுக்குப் போயிருக்கீங்களா?"

"ரொம்ப போனேன் அக்கா. எங்க அக்கா வீட்டுக்கும் யாரோ ஒரு மாமா வந்தான். பாப்பாவுக்கு முடி எடுத்தாங்க. நல்ல பையன்னு அக்கா சொன்னா."

"உங்களுக்கு மனசுக்குக் கஷ்டமா இல்லீங்களா?"

அவன் பாயசத்தை வழித்துக்கொண்டே யோசித்தான். அவளைத் தேற்றப் பொய் சொல்ல வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. "முதல்ல ஒரு வீட்ல அழுதேன்," என்றான். "இப்போ வரமாட்டேங்குது."

வெளியே அவன் வண்டியில் பக்கத்து மில்காரர்கள் மரவள்ளி மாவு மூட்டைகளை ஏற்றி முடித்திருந்தார்கள். மாமனை இறக்கிய வண்டியானாலும் காலியாகப் போகக்கூடாது அல்லவா. நேரம் ஆனதும் லாரியிலிருந்து மணி ஒலித்தது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். மகிழினி தோட்டை ஆட்டி ஆட்டிக் காட்டி, "மாமா டாட்டா" என்றாள். வண்டி திரும்பிச் சாலையில் ஏறும்வரை இந்துஜா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மண்டபத்தின் பின்பக்கம், பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய்த் தம்பியை அழைத்தாள்.

அந்தப் பக்கம் ஒரே பாட்டும் கூச்சலுமாக இருந்தது.

"எங்கடா இருக்கறே?"

"சூரத்துப் பக்கம் ஒரு ஊர்க்கா. கல்யாண வீடு. பொண்ணைத் தாய்மாமன்தான் கைபுடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டுப் போகணுமாம். அதுக்கு வந்துருக்கேன். தலைப்பாகை எல்லாம் கட்டி உட்டுருக்காங்க." அவன் சிரிக்கப் பார்த்தான். "பாப்பாவுக்குக் குத்தியாச்சா?"

"ஆச்சு."

"அழுதாளா?"

"இல்லடா."

"வந்தவரு நல்ல ஆளா? சாப்பாடு போட்டீங்களா?"

"போட்டேன்."

பிறகு பூபதி சொன்னான். குறை சொல்கிற குரல் இல்லை. வழி கேட்பவன் குரல் மாதிரித்தான் இருந்தது.

"அக்கா, நான் வர்றதாத்தான் இருந்துச்சு. விஜயபுரா வரைக்கும் வந்துட்டேன். அங்க வெச்சு வண்டி தானாத் திரும்புச்சு. என்னங்கடான்னு போன் போட்டுக் கேட்டா, உங்க அக்கா மாத்துக்கு ஓகே சொல்லியிருக்காங்க, இன்னொருத்தர் பக்கத்துல இருக்காருன்னாங்க. உனக்குப் போன் பண்ணலாம்னு எடுத்தேன். அப்பறம் வேண்டாம்னு வெச்சுட்டேன். அக்காளே சரின்னு சொல்லியிருந்தா ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். என்னக்கா காரணம்?"

இந்துஜாவுக்கு ஆலையில் அந்தக் காலை நினைவுக்கு வந்தது. மதுரை, இந்தூர், கொல்கத்தா, அப்புறம் அந்த ஓகே. எடைமேடையில் கூப்பிட்ட குரல். அதைச் சொல்லிவிடலாம்தான். உன்னை வேண்டாமென்று சொல்லவில்லையடா, நினைக்காமல் சொல்லிவிட்டேன் என்று. ஆனால் அவன் எங்கேயோ ஒரு ரோட்டோரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அக்காள் யோசித்து எடுத்த முடிவு இது என்று தன்னைத் தேற்றியிருக்கிறான். அந்த நினைப்பில் அவன் வேண்டாமென்று தள்ளப்பட்டவனாகவாவது இருந்தான். உண்மையில் அவன் அதுகூட இல்லை, அன்றைய நாலு லோடில் ஒன்று. இதை அவனிடம் எப்படிச் சொல்வது?

"முகூர்த்தம் தப்பிப் போயிருமோன்னு பயந்துட்டேன்டா," என்றாள். "நீ நேரத்துக்கு வந்து சேரலைன்னா என்ன பண்றது? அதான்."

"அதான்க்கா. நானும் அதையேதான் நெனச்சேன்." அவன் குரல் நிஜமாகவே லேசாகிவிட்டது. "நீ பண்ணுனதுதான் சரி."

பின்னால் யாரோ ஒரு பெண் "மாமா, மாமா" என்று உரக்கக் கூப்பிட்டாள்.

"பொண்ணு ரெடியாயிருச்சு போலிருக்குதுக்கா."

"சரி போ," என்றாள் இந்துஜா. "அந்தப் புள்ளையக் காக்க வெக்காத."